நாதஸ்வரம் கேட்க டாக் முக்கியமா, ஸ்பீக்கரா?

பாளையங்கோட்டைக்காரன்:
முன்னறை பத்துக்குப் பன்னிரண்டு அடி, சிமென்ட் தரை. கேட்பது காருகுறிச்சி அருணாசலத்தின் பழைய நாதஸ்வரப் பதிவுகள், அப்புறம் கோயில் கொடை விழாவில் பதிந்த வில்லுப்பாட்டு. எல்லாம் லேப்டாப்பில் இருக்கிறது. கையில் முப்பதாயிரம். டாக் (DAC) என்றால் லேப்டாப்பில் எண்களாக இருக்கும் பாட்டை ஒலிக்கான மின்னலையாக மாற்றும் கருவி; அதிலும் 192 கிலோஹெர்ட்ஸ் டாக்தான் வேண்டும் என்கிறார் கடைக்காரர்.

தென்காசிச் சாரல்:
அண்ணாச்சி, அந்த 192-ஐ விடுங்க. அது நொடிக்கு எத்தனை ஆயிரம் தடவை ஒலியை அளக்கிறது என்ற கணக்கு. சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸே 20 கிலோஹெர்ட்ஸ் ஒலி வரை தாங்கும். அதற்கு மேல் நம் காதுக்கு எட்டாது. காருகுறிச்சியார் 1964-இல் காலமானவர். அந்தக்கால மோனோ பதிவில் இல்லாததை எந்த டாக்கும் கொண்டுவராது. பணம் ஸ்பீக்கருக்குப் போகட்டும். காது மிகக் கூர்மையாக இருப்பது 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரையில். அங்கே தூக்கலான ஸ்பீக்கர் வாங்கினால் நாதஸ்வரம் அரை மணியில் தலைவலி கொடுக்கும். வில்லுப்பாட்டில் குடம் அதிர வேண்டுமே, தாழ்ந்த ஒலி தரும் வூஃபர் 5 அங்குலமாவது இருக்கட்டும். உங்கள் பதிவையே பென்டிரைவில் கொண்டுபோய்க் கேளுங்க. கடையில் போடும் டெமோ பாட்டு எந்தப் பெட்டியிலும் இனிக்கத்தான் செய்யும்.

அம்பை வாசி:
வெறும் தரை எதிரொலிக்கும். பத்தமடைப் பாய் மெல்லிசு, பயன்படாது. கனத்த ஜமுக்காளம் விரியுங்கள். ஸ்பீக்கரைச் சுவரை ஒட்டி வைத்தால் குடம் குழம்பிவிடும்.

பாளையங்கோட்டைக்காரன்:
சரி. லேப்டாப்பின் ஹெட்ஃபோன் துளையில் இரைச்சல் வருகிறதே?

தென்காசிச் சாரல்:
அதற்கு ஒரு சின்ன யூஎஸ்பி டாக் போதும். மூவாயிரத்தைத் தாண்டாதீங்க.