சட்டமன்றத்தைக் கேட்டா குமரியை இணைத்தார்கள்?

குழித்துறைக்காரன்: குமரி தமிழ்நாட்டோடு இணைந்த நாளுக்கு நாஞ்சிலான் போட்ட பதிவைப் படித்து எரிச்சல்தான் வந்தது. மாநிலச் சட்டமன்றம் சம்மதிக்காமல் ஒரு சென்ட் நிலத்தைக்கூட டெல்லி தொட முடியாதாம், அதற்குக் குமரி மாவட்டமே சாட்சியாம். அரசியலமைப்பின் 3-வது பிரிவை ஒருதரம் வாசியுங்கள். எல்லையை மாற்றவும் மாநிலத்தையே இல்லாமல் ஆக்கவும் நாடாளுமன்றத்தால் முடியும். சட்டமன்றத்திடம் கருத்துக் கேட்டால் போதும், ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 1956 ஆகஸ்டில் மாநில மறுசீரமைப்புச் சட்டம் நிறைவேறியபோது குமரி அப்போது இருந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் சட்டமன்றமே கிடையாது, மார்ச்சிலிருந்தே குடியரசுத் தலைவர் ஆட்சி!

நாஞ்சிலான்: அண்ணே, 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் இணைப்புக் கேட்டுப் போராடிக் குண்டடிபட்டுச் செத்தவர்களை விட்டுவிட்டுப் பிரிவு எண் பேசுகிறீர்கள். போராட்டத் தலைவர் நேசமணி ஐயா பின்னால் சனம் திரளாமல் இருந்திருந்தால் டெல்லி இந்தப் பக்கம் திரும்பியிருக்குமா? மாநில எல்லைகளை மாற்றப் பரிந்துரைத்த பசல் அலி ஆணைய அறிக்கை 1955 செப்டம்பரில் வந்தது. அப்போது சட்டமன்றம் இருந்ததே.

குழித்துறைக்காரன்: புதுக்கடை பற்றி எனக்குப் பாடம் எடுக்காதீர்கள் தம்பி, செத்தவர்கள் எங்கள் பக்கத்து ஆட்கள். அறிக்கை வந்த நாளையா கேட்டேன்? சட்டம் நிறைவேறிய நாளில் சட்டமன்றம் இருந்ததா, இல்லையா?

தக்கலை வாத்தியார்: 1994 பொம்மை வழக்கில், நாடாளுமன்றம் சிதைக்க முடியாத அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பில் கூட்டாட்சியையும் சேர்த்தது உச்ச நீதிமன்றம். அதையும் கணக்கில் எடுங்கள்.

குழித்துறைக்காரன்: எடுத்தாச்சு சார். அதற்கு அப்புறம்தான் 2014 ஜனவரியில் ஆந்திரச் சட்டமன்றம் தெலங்கானா பிரிவினை மசோதாவை நிராகரித்தது, பிப்ரவரியில் நாடாளுமன்றம் மாநிலத்தைப் பிரித்தது. 2019-ல் காஷ்மீர் மாநிலத்தை இரண்டு யூனியன் பிரதேசங்களாக ஆக்கினபோதும் அங்கே சட்டமன்றம் இல்லை. நமக்கு நல்லது நடந்தது என்பதற்காக அந்த அதிகாரத்தை மறைத்துப் பேசினால் நாளைக்கு அதே கத்தி நம் கழுத்துக்கு வரும்போது என்ன சொல்வீர்கள்?

தோவாளை பிச்சி: நாலு தாலுகா கிடைத்ததைப் பேசுகிறீர்கள், தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவோடு போனதை யாரும் பேசவில்லையே. அங்குள்ள தமிழர்களை யார் கேட்டார்கள்?

நாஞ்சிலான்: அதைத்தான் அக்கா நானும் சொல்கிறேன், போராட்டம் வென்ற இடம் வந்தது. இவருக்கு டெல்லி போட்ட கையெழுத்துத்தான் பெரிது.

குழித்துறைக்காரன்: பேச்சை மாற்றாதீர்கள். சட்டமன்றம் இருந்ததா, இல்லையா?

விளவங்கோடு விவசாயி: கேரளாவிலுள்ள நெய்யாறு அணையிலிருந்து எங்களுக்கு வரும் இடதுகரைக் கால்வாயில் 2004-லிருந்து கேரளா தண்ணீர் விடவில்லை. 2012-ல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. எங்கள் வயல் ரப்பர் தோட்டமாகிவிட்டது. மாநில உரிமை என்று வாய் கிழியப் பேசுகிற நாகர்கோவில்காரர்கள் இதற்கு ஒரு பதிவு போட்டதுண்டா?

நாஞ்சிலான்: போன வருசமே போட்டேன், நீங்கள்தான் வந்து சண்டை பிடித்தீர்கள். தேடிப் பாருங்கள்.

விளவங்கோடு விவசாயி: அது பேச்சிப்பாறைத் தண்ணீர் பற்றிய பதிவு. நெய்யாறு என்று ஒரு வரிகூட அதில் இல்லை.