1911 அலகாபாத் விமானத் தபால் கவர்: அசல்தானா?

கோவைக்காரன்:
ஏலத்துல 18,000 ரூபாய்க்கு ஒரு கவர் எடுத்தேன். 1911 பிப்ரவரி 18, ஹென்றி பெக்கே அலகாபாத்லேருந்து நைனிக்கு ஓட்டின முதல் விமானத் தபால்னு சொல்லித்தான் வித்தாங்க. மலையும் விமானமும் போட்ட வட்ட முத்திரை மெஜந்தாவுல பளிச்சுனு இருக்கு. பச்சை அரையணா ஸ்டாம்ப், கல்கத்தா விலாசம். வீட்ல இன்னும் விலையைச் சொல்லல. அசல்தானா?

லென்ஸ் ராணி:
யூவி விளக்குல காட்டுங்க. உறை நீலவெள்ளையா ஒளிர்ந்தா கதை முடிஞ்சுது. அப்படி ஒளிர வைக்கிற வெளுப்பான் காகிதத்துக்கு வந்ததே 1950 வாக்குலதான்.

கோவைக்காரன்:
காட்டிட்டேன், ஒளிரல. அப்பாடா!

ஆர்.எம்.எஸ். தாத்தா:
அப்பாடா சொல்லாதீங்க தம்பி. விளக்கு சொல்றது காகிதத்தோட வயசு, முத்திரையோட வயசு இல்ல. பழைய கவரைத் தேடிப் பிடிச்சு அதுமேல குத்துறவங்கதான் கெட்டிக்காரங்க.

முதல்ல ஸ்டாம்ப்ல யாருன்னு பாருங்க. ராஜா தலையிலயே கிரீடம் இருந்தா ஐந்தாம் ஜார்ஜ். அது வந்தது 1911 டிசம்பர்ல. வழுக்கைத் தலை, கிரீடம் மேல தனியா இருந்தா ஏழாம் எட்வர்ட், சரி. ரெண்டு பேருக்கும் அரையணா பச்சைதான், அதனால நிறைய பேர் ஏமாறுவாங்க.

அப்புறம் கவரை 1200 டிபிஐல ஸ்கேன் பண்ணி, படத்தோட சிவப்பு சேனலை (சிவப்பு ஒளியோட பதிவை) மட்டும் பாருங்க. மெஜந்தா மறைஞ்சிடும். கறுப்பு மை மறையாது, அடியில வேற முத்திரை இருந்தா தெரிஞ்சிடும்.

கோவைக்காரன்:
எட்வர்ட்தான் ஐயா. சிவப்பு சேனல்ல மெஜந்தா போயே போச்சு. ஆனா ஸ்டாம்ப்லேருந்து உறைக்கு இறங்குற மாதிரி கறுப்பா ஒரு வளைவு. சி, ஏ, டபிள்யூ, என் (CAWN), இந்த நாலு எழுத்து தெரியுது.

ஆர்.எம்.எஸ். தாத்தா:
கான்பூர். வெள்ளைக்காரன் காலத்து எழுத்துக்கூட்டல் அது. கான்பூர்ல பெட்டியில போட்டு ரயில்ல கல்கத்தா போன கடிதம். விமானத்தைக் கண்ணால கூடப் பார்க்கல. பறந்த கடிதங்கள்ல ஸ்டாம்ப்பை அடிச்சதே மெஜந்தா முத்திரைதான். பின்பக்க டெலிவரி முத்திரையில என்ன தேதி?

கோவைக்காரன்:
தேதி இருக்கற இடத்தை மட்டும் சுரண்டியிருக்காங்க. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிச்சா அங்க மட்டும் வெளிச்சம் ஊடுருவுது.

ஆர்.எம்.எஸ். தாத்தா:
தேதி பிப்ரவரி 18க்கு ஒத்து வந்திருக்காது, அதான் கத்தி வச்சிருக்கான். முழு ஸ்கேன், சிவப்பு சேனல் ஸ்கேன் ரெண்டையும் அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்க. கொடுக்கலைன்னா பின்னால பென்சில்ல ‘மெஜந்தா போலி’ன்னு எழுதி வச்சுக்குங்க, அடுத்தவன் ஏமாற வேணாம். வெறும் கான்பூர் கவரா 200 ரூபாய் பெறும்.

கோவைக்காரன்:
வீட்ல அந்த 200ஐயே சொல்லிக்கறேன் ஐயா.