பழப் பட்டியலில் பெட்ரோல் வந்துவிட்டது, எப்படித் தடுப்பது?

கேட்டவர்:
இணையத்தில் வரும் தமிழ்ச் செய்திகளைத் தொடர்ந்து படித்துத் தானாகவே கற்றுக்கொள்ள ஒரு சின்ன நிரலைப் பைத்தானில் எழுதியிருக்கிறேன். மாம்பழம், கொய்யா, ஆப்பிள், திராட்சை என்று சில பழங்களை விதையாகக் கொடுத்தால், அவை எந்தச் சொற்களுக்குப் பக்கத்தில் வருகின்றன என்று பார்த்து, அதே இடத்தில் வரும் மற்ற சொற்களையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். ஆரம்பத்தில் சப்போட்டா, அன்னாசி என்று நன்றாகத்தான் போனது, அப்புறம் தங்கம், பெட்ரோல், சாம்சங்! விதைகளைக் கூட்டினால் சரியாகுமா?

பதில் 1:
ஆகாது. "விலை உயர்வு" மாதிரி ஏதோ ஒரு தொடர் உள்ளே புகுந்திருக்கும், பாருங்கள். திராட்சை விலையும் உயரும், பெட்ரோல் விலையும் உயரும். பெட்ரோல் வந்துவிட்டால் அடுத்த சுற்றில் டீசலையும் கூட்டிவரும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டாம் மிட்செல் குழு 2010 ஜனவரியில் ஓடவிட்ட, இணையத்தைப் படித்துத் தானாகவே கற்கும் 'நெல்' (NELL) நிரலுக்கும் இதே நோய் வந்தது: இன்டர்நெட் குக்கீயை (இணையதளங்கள் நம் கணினியில் விட்டுவைக்கும் சின்னத் தரவை) பேக்கரிப் பண்டம் என்று நம்பி, "குக்கீகளை அழித்தேன்", "கோப்புகளை அழித்தேன்" இரண்டும் ஒரே மாதிரி இருக்கவே கோப்புகளையும் பண்டத்தில் சேர்த்துவிட்டது.

பழத்தை மட்டும் தனியாகக் கற்பிக்காதீர்கள். எரிபொருள், உலோகம், நிறுவனம் எல்லாவற்றையும் சேர்த்தே ஓட்டி, ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இருக்கக்கூடாது என்று தடை போடுங்கள். விதையிலிருந்து ஆப்பிளைத் தூக்கிவிடுங்கள், சாம்சங்குக்கு வழிவிட்டது அதுதான்.

கேட்டவர்:
சாம்சங், பெட்ரோல் இரண்டும் போய்விட்டன, நன்றி. வெங்காயம் மட்டும் நகர மறுக்கிறது. "மாம்பழத்தை", "மாம்பழத்தின்" எல்லாம் தனித்தனிப் பழமாக வேறு பதிவாகின்றன.

பதில் 2:
வெங்காயத்துக்குக் காய்கறி என்று ஒரு வகை வையுங்கள். வேற்றுமை உருபை முதலிலேயே கழற்றாவிட்டால் எண்ணிக்கை சிதறிவிடும், எந்தச் சொல்லுக்கும் போதுமான சான்று சேராது. சொல்லின் விகுதிகளை வெட்டித்தரும் ஸ்னோபால் ஸ்டெம்மர் என்ற கருவியில் தமிழ் இருக்கிறது, சில இடங்களில் கரடுமுரடாக வெட்டும், ஆனால் தொடங்கப் போதும்.

இன்னொன்று, ஒரே வகைச் சான்றை நம்பாதீர்கள். நெல் வாக்கியத்தைப் பார்த்தது, இணையப் பக்கங்களிலுள்ள பட்டியல், அட்டவணைகளைப் பார்த்தது, சொல்லின் உருவத்தையும் பார்த்தது. தமிழில் "போன்ற பழங்கள்" என்ற தொடர் கிடைத்தால் அதற்கு அதிக மதிப்பெண் கொடுக்கலாம். சொல் "பழம்" என்று முடிந்தாலும் நல்ல சான்றுதான் (ஞானப்பழம் வந்தால் முருகனிடம் விட்டுவிடுங்கள்).

கேட்டவர்:
இதெல்லாம் செய்தால் ஆள் பார்க்காமலே ஓட விடலாமா?

பதில் 1:
விடாதீர்கள். இத்தனை தடைகளோடும் நெல் முதல் 67 நாளில் சேர்த்த சுமார் 2,42,000 தகவல்களில் ஏறத்தாழ 74 சதவீதம்தான் சரி. பிறகு அவர்களும் அவ்வப்போது கையால் திருத்தத் தொடங்கினார்கள். ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக வந்த தொடர்களை மட்டும் பாருங்கள், சொற்களை அல்ல. கெட்ட தொடர் ஒன்றைத் தூக்கினால் அது கொண்டுவந்த அத்தனையும் போய்விடும்.