ஆடிக் காற்றும் அக்ரிலிக்கும்

எங்களுக்குப் பல்லடம் பக்கம். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது கொடியில் போட்ட வேட்டி அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும். நான் படம் வரையும் அக்ரிலிக்குக்கு, அதாவது தண்ணீரில் கலக்கும் வண்ணத்துக்கு, ஐந்து நிமிடமே அதிகம்.

ஜெர்மன் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் 1980களில் பெரிய ஸ்குவீஜியால் (வண்ணத்தை வழித்து இழுக்கும் பட்டைக் கட்டை) வண்ணத்தை இழுத்து இழுத்து வரைந்த படங்களைப் பார்த்து எனக்கும் ஆசை வந்தது. அவர் இழுத்தது எண்ணெய் வண்ணம், நாள்கணக்கில் ஈரமாக இருக்கும். அக்ரிலிக் அப்படியில்லை. தண்ணீர் ஆவியானதும் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் துகள்கள் ஒட்டிப் படலமாகிவிடும், மறுபடி தண்ணீர் விட்டாலும் கரையாது. நான் இரண்டாவது தடவை இழுத்தபோது பால் ஆடை மாதிரி சுருண்டுகொண்டு வந்தது.

திருப்பூரில் பனியனுக்குப் பிரிண்ட் போடுகிற பட்டறை ஒன்றில் ஸ்குவீஜி வாங்கப் போனவன், இதைப் புலம்பினேன். அங்கே வேலை செய்தவர் சிரித்தார். “வாட்டர் பேஸ் மை பிரிண்ட் போடற மெஷ் வலையில அடைச்சுக்கற மாதிரிதானுங்க இதும். தண்ணி ஸ்ப்ரே வெச்சுக்கோங்க, புகை மாதிரி அடிக்கோணும், சொட்டக்கூடாது.” அப்புறம் ஸ்குவீஜிக் கட்டையைக் கையில் கொடுத்துப் பிடிக்கவும் சொல்லிக்கொடுத்தார். நிமிர்த்திப் பிடித்தால் வழித்துக்கொண்டு போகும், சாய்த்தால் மை அதிகம் இறங்கும். ஓவிய வகுப்பில் யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை.

இன்னொன்று. இங்கே காடாத் துணி மலிவு என்று கேன்வாஸுக்குப் பதில் அதையே சட்டத்தில் இழுத்து அடிக்கிறேன். நெய்வதற்கு முன் பாவில் (நீளவாக்கு நூலில்) ஏற்றிய கஞ்சி அதில் அப்படியே இருக்கும். வெந்நீரில் அலசாமல் ஜெஸ்ஸோ என்கிற அடிப்பூச்சைப் பூசிய முதல் படம் அங்கங்கே பொருக்கு விட்டது.

* * *

கஞ்சி என்றதும் எனக்கு எங்கள் அம்மாயி ஞாபகம். சென்னிமலையில் தறி நெய்தவர். வீட்டுப் பரணில் கிடந்த உடைந்த தறி அச்சில் (பாவு நூல்களைப் பிரித்து நிறுத்தும், சீப்பு மாதிரியான பல் வரிசை) ஒரு சாண் துண்டை எடுத்து, மாடலிங் பேஸ்ட் கலந்த கெட்டி வண்ணத்தில் இழுத்தேன். சீப்பால் வராத அளவுக்கு நெருக்கமான கோடுகள். ஒரு பல் வளைந்திருந்ததால் அந்த இடத்தில் மட்டும் கோடு பிசகியது. எனக்கு அதுதான் பிடித்திருந்தது.

அம்மாயி வெகுநேரம் அதையே பார்த்தார். “அச்சுப் பல்லு வளைஞ்சா துணியில கோடு உளுகும்னு கூலியில புடிச்சுக்குவாங்க கண்ணு. நீ அதைத் தேடிப் புடிச்சு இழுக்கறயா?”