வற்றாப்பளைப் பொங்கல் படங்கள் எல்லாம் ஒரே இருட்டு, மீட்க ஏலுமோ?

முள்ளியவளைப்பிள்ளை:
வணக்கம். இந்தமுறை முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு அம்மம்மா பாற்செம்பு எடுத்தவா, மச்சான்தான் தன்ர கெனன் 1500டியில படம் எடுத்தவன், இப்ப லப்டொப்பில போட்டுப் பாத்தா கோயில் லைற் மட்டும் பளிச்செண்டு நிக்குது, அம்மம்மான்ர முகமே தெரியேல்லை. 2009இல இடம்பெயர்ந்து வரேக்க ஆல்பம் எல்லாத்தையும் விட்டுட்டு வந்த குடும்பம் நாங்கள், அவவின்ர பழைய படம் ஒண்டும் மிஞ்சேல்லை, அதால இதுகளை விட மனமில்லை. பிரைட்னஸைக் கூட்டினா முகம் சாம்பலாகிச் சிவப்பும் பச்சையுமாப் புள்ளி வருகுது. சிலது சிஆர்2 எண்டு முடியிற பைல், மிச்சம் ஜேபெக். காசில்லாத சொப்ற்வெயார் இருந்தாச் சொல்லுங்கோ.

மாங்குளத்தான்:
தங்கச்சி, முதல் வேலையா அந்த சிஆர்2 பைல் எல்லாத்தையும் வேற ஒரு இடத்திலயும் கொப்பி பண்ணி வையுங்கோ. அது றோ பைல், அதாவது கமரா சென்சர் பதிஞ்சதைச் சுருக்கி எறியாம அப்பிடியே வைச்சிருக்கிற பைல், ஒவ்வொரு நிறத்துக்கும் 14 பிட், அதாவது 16,384 வெளிச்சப் படி, ஜேபெக்கில வெறும் 256 தான், அதிலயும் கமரா சுருக்கேக்க இருட்டுக்குள்ள கிடந்த நுணுக்கத்தில கனக்க எறிஞ்சுபோடும்.

டார்க்டேபிள் இறக்குங்கோ, இலவசம். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டொப் கூட்டினா வெளிச்சம் இரட்டிப்பு, ரெண்டு ஸ்டொப் எண்டா நாலு மடங்கு, ஆனா சென்சரில அண்டைக்கு விழுந்த வெளிச்சம் அவ்வளவுதானே, அதோட கிடந்த நொய்ஸும் சேந்து மேல வரும், நீங்கள் கண்ட புள்ளி அதுதான். அதுக்கு டினொய்ஸ் ப்ரொபைல்ட் எண்டு ஒரு மொடியூல் இருக்கு, உங்கட கமராவையும் ஐஎஸ்ஓவையும் (வெளிச்சத்துக்குக் கமரா எவ்வளவு கூர்மையா வைச்சிருந்தது எண்ட எண்) பைலில இருந்தே வாசிச்சு அதுக்கேத்த மாதிரி நொய்ஸைக் குறைக்கும். நிறப்புள்ளியை முழுக்க எடுங்கோ, மணல்மணலாத் தெரியிறதைக் கொஞ்சம் விடுங்கோ. அதையும் துடைச்சா அம்மம்மான்ர முகச் சுருக்கமும் சேந்து போயிடும், பிறகு அது அவவின்ர முகமே இல்லை.

முழுப்படத்தையும் வெளிச்சமாக்கிறதும் கூடாது. முகத்தைச் சுத்தி ஒரு மாஸ்க் கீறி அங்க மட்டும் உயர்த்துங்கோ, பின்னால இருட்டு இருட்டாவே கிடக்கட்டும், அது இரவுப் பொங்கல் தானே.

நெடுங்கேணி_வாசி:
போன் மட்டும் வைச்சிருக்கிற ஆக்களுக்கு ஸ்னாப்சீட் எண்ட அப் காணும். செலக்டிவ் எண்டதில முகத்தில ஒரு புள்ளி வைச்சு உயர்த்தலாம். படத்தை வட்ஸ்அப்பில சாதாரணமா வாங்காதேங்கோ, அது இன்னும் நசிச்சுப்போடும், டொக்கியூமென்டா அனுப்பச் சொல்லுங்கோ. ஜேபெக் சரிவராட்டி கறுப்பு வெள்ளையாக்கி விடுங்கோ, நிறப்புள்ளி தெரியாது.

மாங்குளத்தான்:
கறுப்பு வெள்ளை கடைசி வழி தம்பி. குங்குமமும் பட்டுச்சேலையும் வேப்பிலையும் இல்லாம அந்தப் பொங்கல் படம் என்னத்துக்கு? ஜேபெக்கை ஜிம்ப் எண்ட இலவச சொப்ற்வெயாரில திறந்து, பிரைட்னஸைத் தொடாம கேர்வ்ஸ் எண்ட வளைகோட்டில இருட்டுப் பக்கத்தை மட்டும் மெதுவா உயர்த்திப் பாக்கட்டும், ஒண்டு ஒண்டரை ஸ்டொப் மட்டும் தாங்கும், அதுக்கு மேல போனாச் சதுரம் சதுரமா உடையும்.

கனகராயன்:
ஏன் இப்பிடி வந்தது எண்டதையும் மச்சானுக்குச் சொல்லிவிடுங்கோ. படத்துக்குள்ள கோயில் லைற் நிண்டா கமரா அந்த வெளிச்சத்தைப் பாத்து எல்லாத்தையும் குறைச்சுப்போடும். அடுத்தமுறை ஓட்டோவில விடாம எக்ஸ்போஷர் கொம்பன்சேஷனை (கமரா தானாக் கணக்குப் போடுற வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிறது) ஒரு ஸ்டொப் கூட்டி, ஐஎஸ்ஓவை 3200க்கு விடச் சொல்லுங்கோ. ஏலுமெண்டா 50 எம்எம் 1.8 லென்ஸ் ஒண்டு வாங்கச் சொல்லுங்கோ, அந்த 1.8 எண்டது லென்ஸ் வாய் திறக்கிற அளவு, எண் குறைஞ்சா வாய் பெரிசு, கமராவோட வாற கிட் லென்ஸ் 5.6இல விடுறதைவிட ஒம்பது பத்து மடங்கு வெளிச்சம் உள்ள வரும்.

முள்ளியவளைப்பிள்ளை:
அண்ணை, டார்க்டேபிளில ரெண்டு ஸ்டொப் உயர்த்தினன், முகம் வந்திட்டுது!! நெத்தித் திருநீறு கூடத் தெரியுது. ஜேபெக்கில ஒரு படம் மட்டும் அசையுதே இல்லை, முகம் அப்பிடியே கறுப்பு. முகம் வந்த படத்தை ஸ்டூடியோவில குடுத்துப் பெரிசா அடிக்கலாமோ?

மாங்குளத்தான்:
அந்தக் கறுப்புக்குள்ள ஒண்டும் பதியேல்லைப் பிள்ளை, எந்த சொப்ற்வெயாராலயும் உண்மையா எடுக்கேலாது, ஏஐ போட்டா ஆரோ ஒராளின்ர முகத்தைக் கற்பனையில கீறித் தரும், அது வேண்டாம். மற்றதைத் தாராளமா அடியுங்கோ, தாளில அந்த மணல் அவ்வளவா தெரியாது. லப்டொப் ஸ்கிரீன் கூடின வெளிச்சத்தில இருந்தா பிரிண்ட் இருட்டா வரும், அதால முதல் சின்னனா ஒண்டு அடிச்சுப் பாத்திட்டுப் பெரிசுக்குப் போங்கோ.