மறு: 'ஆபாசத் தலைப்பு' வேண்டாம், 'அவையல் தலைப்பு' என்று வைப்போமா?

குழுவினருக்கு வணக்கம்.

வேண்டுமென்றே கெட்ட வார்த்தையில் வைக்கும் பாட்டு, ஆல்பப் பெயர்களுக்குத் தமிழில் என்ன கலைச்சொல் வைப்பது என்று பேசும் இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பங்க் ராக் (1970-களில் கிளம்பிய, அடங்க மறுக்கும் ராக் இசை) கட்டுரைகளைத் திருத்தும்போது எனக்கும் இதே இடத்தில்தான் கை நின்றது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> பாட்டுக்கோ ஆல்பத்துக்கோ வேண்டுமென்றே கெட்ட வார்த்தையில் பெயர் வைப்பதற்கு 'ஆபாசத் தலைப்பு' போதாதா? எல்லாருக்கும் புரியுமே.

புரியும் அண்ணா, ஆனால் தப்பாகப் புரியும். ஆபாசம் என்றதும் நம் ஆட்களுக்கு நினைவு வருவது பாலுறவு, அதுவும் கிளர்ச்சியூட்டுவதற்காகக் காட்டுவது. பிரிட்டிஷ் பங்க் குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸ் 1977-இல் வெளியிட்ட 'நெவர் மைண்ட் த பாலக்ஸ், ஹியர்ஸ் த செக்ஸ் பிஸ்டல்ஸ்' ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'பாலக்ஸ்' விரையைக் குறிக்கும் பழைய தெருச்சொல், அது உண்மைதான். ஆனால் அந்த வரியில் அதற்கு 'உளறல்', 'வெட்டிப்பேச்சு' என்றுதான் பொருள். 'வெட்டிப்பேச்சையெல்லாம் விடுங்க, இதோ செக்ஸ் பிஸ்டல்ஸ்' என்கிறார்கள், அவ்வளவுதான். இதை ஆபாசம் என்ற தலைச்சொல்லுக்குக் கீழே போட்டால் நாமே அவர்கள்மீது ஒரு தீர்ப்பு எழுதிவிடுகிறோம், அதுவும் நீதிமன்றமே கொடுக்காத தீர்ப்பு.

மற்றப் பரிந்துரைகளைப் பற்றிச் சுருக்கமாக: 'கொச்சை' என்றால் பேச்சுவழக்கு என்றும் பொருள்படும், குழப்பும். 'வசை' என்றால் யாரையாவது பார்த்துத் திட்ட வேண்டும், இந்தத் தலைப்புகள் பலவற்றில் திட்டு வாங்குகிறவர் யாருமே இல்லை. 'கெட்ட வார்த்தை' பேச்சுக்குச் சரி, கலைச்சொல்லாக ஒட்டாது.

இப்போது இந்த ஆல்பத்தின் உறையை வைத்து இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் நடந்த வழக்குக்கு வருகிறேன். எனக்குச் சொல் கிடைத்ததே அங்கேதான்.

ஆல்பம் 1977 அக்டோபர் கடைசியில் வந்தது. உறை முழுக்க மஞ்சள், அதில் பளீரென்ற இளஞ்சிவப்பு, ஆள்கடத்தல்காரர்கள் பணம் கேட்டு அனுப்பும் கடிதம்போல வெட்டி ஒட்டிய எழுத்துகள், குழுவின் படம்கூடக் கிடையாது. ஜேமி ரீட் வடிவமைத்தது. பெரிய கடைச்சங்கிலிகள் சில விற்க மறுத்தன, அப்படியும் பிரிட்டன் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. நாட்டிங்ஹாமில் வெர்ஜின் இசைத்தட்டுக் கடையின் கண்ணாடி ஜன்னலில் இந்த உறையைப் பெரிதாக வைத்திருந்தார்கள். தெருவில் போன போலீசார் எடுக்கச் சொன்னார்கள், கடை மேலாளர் மறுபடி வைத்தார், கைது செய்துவிட்டார்கள். 1889-ஆம் ஆண்டின் அநாகரிக விளம்பரச் சட்டத்தின் கீழ் வழக்கு. விக்டோரியா ராணி காலத்துச் சட்டம் அது, ராக் இசை என்ற ஒன்றே பிறக்காத காலம்!

நவம்பர் 24-ஆம் தேதி விசாரணை. கடைக்காகப் பேசியவர் ஜான் மார்ட்டிமர், வழக்கறிஞர், எழுத்தாளரும்கூட. அவர் சாட்சிக் கூண்டில் ஏற்றியது ஒரு பாட்டுக்காரரை அல்ல, நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பேராசிரியர் ஜேம்ஸ் கின்ஸ்லியை. பேராசிரியர் பொறுமையாகச் சொல்லியிருக்கிறார்: இந்தச் சொல் பழைய ஆங்கிலக் காலத்திலிருந்தே இருக்கிறது, ஊர்ப்பெயர்களில் இருக்கிறது, ஒரு காலத்தில் பாதிரியார்களுக்குப் பட்டப்பெயராக இருந்தது, அவர்கள் நிறைய உளறுவார்கள் என்பதால் உளறலுக்கே பெயராகிவிட்டது. மார்ட்டிமர் இன்னொரு கேள்வியும் கேட்டார், எனக்கு அதுதான் முக்கியம்: இதே தலைப்பைச் செய்தியில் அச்சிட்ட பத்திரிகைகள்மீது ஏன் வழக்கு இல்லை? காலைக் காப்பியோடு வீட்டுக்குள் வரும் தாளில் இருக்கலாம், கடை ஜன்னலில் இருக்கக் கூடாதா?

நீதிபதிகள் முகம் சுளித்துக்கொண்டேதான், விருப்பமில்லாமல்தான் என்று வெளிப்படையாகவே சொல்லி, குற்றமில்லை என்று விடுவித்தார்கள்.

பாருங்கள், இந்த வழக்கு முழுக்கச் சண்டை சொல்லைப் பற்றியே இல்லை, சொல் எந்த இடத்தில் யார் முன்னால் நிற்கிறது என்பதைப் பற்றித்தான். அதற்கு நம்மிடம் ஏற்கெனவே பெயர் இருக்கிறது. தொல்காப்பியம் எச்சவியலில்:

'அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்.'

அவை அல் கிளவி, அதாவது அவையில் சொல்லத் தகாத சொல். சொல் பிறப்பிலேயே கெட்டது என்று தொல்காப்பியர் சொல்லவில்லை, அவைக்கு ஆகாது, மறைத்துச் சொல் என்கிறார். அடுத்த நூற்பா இன்னும் அருமை: 'மறைக்குங் காலை மரீஇயது ஒராஅல்.' மறைக்கும்போதும், மருவி வழக்கில் கலந்துவிட்டதை விலக்க வேண்டாம். உரையில் ஆட்டுப்பிழுக்கை, யானை இலண்டம் (ஆடு, யானை போடும் சாணம்) என்று எடுத்துக்காட்டு வரும். கின்ஸ்லி கூண்டில் நின்று சொன்னது இந்த இரண்டாவது நூற்பாவைத்தான் என்று எனக்குப் பட்டது. படித்த அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

ஆகவே என் முன்மொழிவு: அவையல் தலைப்பு. அதிலிருந்து அவையல் சொல், அவையல் பெயர் (குழுப்பெயர்களுக்கு) என்று வளர்த்துக்கொள்ளலாம்.

இன்னும் சந்தேகம் என்றால் 'மயிர்' என்ற சொல்லைப் பாருங்கள். 'மயிர்நீப்பின் வாழாக் கவரிமா' என்று வகுப்பில் பிள்ளைகள் உரக்கச் சொல்கிறார்கள், 'தலையின் இழிந்த மயிரனையர்' என்றும் குறளில் இருக்கிறது. அதே பிள்ளை வீட்டுக்கு வந்து 'போடா மயிரு' என்றால் முதுகில் விழும். எழுத்து அதேதான், அவைதான் வேறு. 'பாலக்ஸ்' மாதிரியே இதுவும் உடம்பிலிருந்து கிளம்பி 'ஒன்றுக்கும் ஆகாதது' என்ற பொருளுக்கு வந்த சொல்.

> இடக்கரடக்கல் என்று நன்னூலே சொல்கிறதே, 'இடக்கர்த் தலைப்பு' என்று வைத்தால் பள்ளியில் படித்த எல்லாருக்கும் உடனே விளங்கும்.

அக்கா, நீங்கள் சொல்வது நல்ல வாதம், நானும் முதலில் அப்படித்தான் எழுதிவைத்திருந்தேன். மாற்றியதற்குக் காரணம், பள்ளியில் படித்தவர்களுக்கு இடக்கர் (சபையில் சொல்லக் கூசும் சொல்) என்றாலே கூடவே அடக்கல் (அதை மறைத்துச் சொல்வது) வந்துவிடுகிறது. 'கால் கழுவி வந்தான்' என்ற எடுத்துக்காட்டுதான் நினைவுக்கு வரும். பங்க்காரர்கள் செய்வது அதற்கு நேர் எதிர், அடக்க வேண்டியதை அவிழ்த்து அவையின் நடுவில் வைப்பது. ஆனால் உங்கள் சொல்லை விடவும் மனமில்லை. தலைப்பை மறைக்கும் வேலைக்கு 'இடக்கரடக்கல்' என்றே வைத்துக்கொள்வோம், புதிதாக எதற்கு? ஃபக்ட் அப் என்று டொராண்டோவில் ஒரு ஹார்ட்கோர் (வேகமான, முரட்டு பங்க்) குழு, 2009-இல் கனடாவின் போலாரிஸ் இசைப் பரிசையே வாங்கினார்கள், அப்படியும் அவர்கள் பெயரை நட்சத்திரக் குறிகளாக அச்சிட்ட பத்திரிகை உண்டு. அது உடுக்குறி இடக்கரடக்கல். பட்ஹோல் சர்ஃபர்ஸ் குழுவை 'பி.ஹெச். சர்ஃபர்ஸ்' என்று சுருக்கினார்கள், அது குறுக்க வகை. அமெரிக்க பங்க் குழுவான டெட் கென்னடிஸின் 1981 தனிப்பாட்டு ஒன்றின் பெயரிலேயே எஃப் எழுத்துச் சொல் இருந்தது, அதைக் காட்டக் கூச்சப்படும் கடைகளுக்காக உறைமேல் ஒட்ட ஒரு ஸ்டிக்கரைக் குழுவின் தரப்பிலேயே அச்சடித்துக் கொடுத்தார்கள். அந்த ஸ்டிக்கரிலேயே கடைக்காரரைக் கிண்டலடித்து எழுதியிருந்தார்கள்! ஒலியில் மறைப்பதற்கு மட்டும் 'பீப்' இருக்கட்டும், 2015 பீப் பாடல் சர்ச்சைக்கு அப்புறம் அது தமிழாகவே ஆகிவிட்டது.

> 'அவையல்' யாருக்கும் புரியாது. தட்டச்சு செய்தால் 'அவியல்' என்று மாறுகிறது.

மாறத்தான் செய்கிறது தம்பி, என் கைப்பேசியிலும் மூன்று முறை அவியல் ஆனது. விசைப்பலகை அகராதியில் ஒருமுறை சேர்த்தால் தீர்ந்துவிடும். புரியாது என்பதை ஏற்கமாட்டேன். அவை தெரியும், அல்ல தெரியும், சபையில் பேசக்கூடாத பேச்சு என்று பாட்டி சொல்லி எல்லாருக்கும் தெரியும். ஒருமுறை விளக்கினால் மறக்காத சொல் இது.

> மரியாதைக்குறைவான தலைப்புகளையும் இதிலேயே சேர்த்துவிடலாமே?

இங்கேதான் எனக்குக் கடுமையான மறுப்பு. அதே செக்ஸ் பிஸ்டல்ஸ் 1977 மே மாதம், ராணியின் வெள்ளிவிழா நேரம் பார்த்து 'காட் சேவ் த குயின்' போட்டார்கள். அந்தத் தலைப்பில் அவையல் சொல் ஒன்றுகூட இல்லை. அது அன்றைய பிரிட்டன் தேசிய கீதத்தின் பெயர்! ஆனால் பிபிசி ஒலிபரப்ப மறுத்தது, தரவரிசையில் இரண்டாம் இடம் வரை வந்தும் சில பட்டியல்களில் அந்த இடத்தை வெறுமையாக விட்டார்கள். புகழ்வதுபோல வைத்துப் பழிப்பது, நம் அணியிலக்கணத்தில் வஞ்சப்புகழ்ச்சி. இதை எப்படி 'பாலக்ஸோடு' ஒரே பெட்டியில் போடுவது?

இந்த வகைக்கு நான் சொல்வது துடுக்குத் தலைப்பு. துடுக்காகப் பேசுகிறான் என்றால் பெரியவர்களுக்கு முன்னால் அஞ்சாமல் வாய்கொடுக்கிறான் என்று யாருக்கும் தெரியும், கெட்ட வார்த்தை பேசியிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. சில தலைப்புகள் இரண்டும் சேர்ந்தவை, அவற்றுக்கு இரண்டு குறியும் இடலாம்.

துடுக்குக்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு இங்கிலாந்தின் பங்க் குழுவான கிராஸின் முதல் இசைத்தட்டு, 'த ஃபீடிங் ஆஃப் த ஃபைவ் தௌசண்ட்'. ஏசு அப்பத்தையும் மீனையும் பகிர்ந்து ஐயாயிரம் பேருக்கு உணவளித்த கதையின் பெயர். ஏன் அந்தப் பெயர் என்றால், ஆலையில் குறைந்தது 5000 தட்டு அச்சடித்தால்தான் வேலையை எடுத்துக்கொள்வார்கள், நூறு விற்றாலே பெரிது என்று நினைத்திருந்தவர்கள் இவர்கள். சில்லறைக் கணக்கு ஒன்று வேதக்கதையின் பெயரை எடுத்துப் போட்டுக்கொண்டது. முதல் பாட்டு 'அசைலம்' ஏசுவையே நேருக்கு நேர் ஏசுகிற பாட்டு. அயர்லாந்தில் இருந்த ஆலைத் தொழிலாளர்கள் அதை அச்சடிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். தணிக்கை வாரியமோ போலீசோ சொல்லவில்லை, இயந்திரத்தின் முன் நின்றவர்கள் சொன்னார்கள். அந்த ஆலையும் ஓர் அவைதானே! குழு என்ன செய்தது என்றால், பாட்டு இருந்த இடத்தில் இரண்டு நிமிடம் மௌனத்தை வைத்து, அந்த மௌனத்துக்கு ஒரு தலைப்பும் கொடுத்தது: 'த சவுண்ட் ஆஃப் ஃப்ரீ ஸ்பீச்'. ஊசி தட்டில் இறங்குகிறது, கீறல் சத்தம் மட்டும் கேட்கிறது, உறையில் இந்தப் பெயர். நான் பார்த்தவற்றில் இதைவிடத் துடுக்கான தலைப்பு இல்லை, இத்தனைக்கும் அதில் யாரும் மறைக்க வேண்டிய ஒரு எழுத்துகூடக் கிடையாது.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். செயலிகளில் பாட்டுப் பெயருக்குப் பக்கத்தில் சின்னக் கட்டத்தில் வரும் ஆங்கில 'ஈ' (E) எழுத்து, 'எக்ஸ்ப்ளிசிட்' என்பதன் சுருக்கம். ஒரு செயலியின் தமிழ் இடைமுகத்தில் அதற்கு 'வெளிப்படையானது' என்று போட்டிருந்ததைப் பார்த்து நொந்துபோனேன். பாட்டு வெளிப்படையாக இருக்கிறது என்றால் பாராட்டு அல்லவா? அமெரிக்காவில் 1985 செப்டம்பரில் பாட்டு வரிகளைப் பற்றிச் செனட் விசாரணை நடந்து, இசைக்கலைஞர்கள் ஃபிராங்க் ஸப்பாவும் ஜான் டென்வரும் போய் எதிர்த்துப் பேசி, அப்படியும் வந்து ஒட்டிக்கொண்ட 'பெற்றோர் கவனத்துக்கு' முத்திரையின் வாரிசுதான் அந்த எழுத்து. 'அவையல் குறி' என்று வைத்தால் பொருள் நேராக விழும்.

கட்டுரைகளில் தலைப்பை எப்படி எழுதுவது என்று யாழ்ப்பாணத்து நண்பர் கேட்டிருந்தார். என் கருத்து: ஒலிபெயர்த்து முழுதாக எழுதுங்கள், பொருளை ஒருமுறை நேராகச் சொல்லுங்கள், நட்சத்திரம் போடாதீர்கள். ஒலிபெயர்ப்பே பாதி முனையை மழுக்கிவிடும். ரஷ்யாவின் புஸ்ஸி ரயட் குழு தன் நாட்டிலேயே ஆங்கிலப் பெயரைத்தான் வைத்திருக்கிறது, 2012-இல் வழக்கு உலகம் முழுக்கப் பேசப்பட்டபோது எத்தனையோ மொழிச் செய்தி வாசிப்பாளர்கள் அதைக் கூச்சமில்லாமல் வாசித்தார்கள். பொருள் சொல்லாமல் விட்டால் அந்தப் பெயர் ஏன் அப்படி வைக்கப்பட்டது என்பதே வாசகருக்குப் போய்ச் சேராது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் கடும் மறுப்பு வராவிட்டால் அவையல் தலைப்பு, அவையல் பெயர், அவையல் குறி, துடுக்குத் தலைப்பு நான்கையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். கிராஸ் கட்டுரையில் அந்த மௌனத்தின் பெயரை மட்டும் மொழிபெயர்த்தும் தர நினைக்கிறேன். இப்போதைக்கு 'பேச்சுரிமையின் ஓசை' என்று இருக்கிறது. ஓசையா, ஒலியா, சத்தமா, எது பொருந்தும் என்று சொல்லுங்கள்.