பினாங்குக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: வாக்குவமும் ஸ்டீம் மாப்பும் சேர்ந்த மெஷின் வாங்குமுன்

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு வேலை மாறி வந்திருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார்: "அக்கா, கூட்டறதும் துடைக்கறதும் ஒரே மெஷின்ல முடியுமாமே, ஆவிகூட வருமாமே, வாங்கிடலாமா?" வாங்கலாம், ஆனால் அதற்கு முன்னால் வீடு முழுக்க வெறுங்காலோடு ஒரு சுற்று நடந்துவிட்டு வா என்றேன். கிண்டல் என்று நினைத்திருப்பார். உண்மையாகத்தான் சொன்னேன்.

கால் சில்லென்று உணரும் இடம் டைல்ஸ் அல்லது கல். சில்லிப்பு இல்லாமல், விரல் முட்டியால் தட்டினால் 'டொக் டொக்' என்று உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் கேட்டால் பெரும்பாலும் லாமினேட். இங்கே நிறைய அபார்ட்மெண்டுகளில் ஹாலும் சமையலறையும் டைல்ஸ், படுக்கையறை லாமினேட். பழைய கட்டடமாக இருந்தால் சின்னச் சின்ன மரத்துண்டுகளைப் பதித்த பார்கே தரையும் இருக்கும். ஊரில் மொசைக், டைல்ஸ் தவிர வேறு பார்க்காதவர்கள் நாம். தரை என்றால் தண்ணீர் பட்டால் என்ன என்றே பழகிவிட்டோம்.

நான் அப்படித்தான் மாட்டிக்கொண்டேன். வந்த முதல் வருடம், வாடகை வீடு, படுக்கையறையில் லாமினேட். புது மெஷின் வாங்கிய ஆசையில் வாரம் இரண்டு தடவை அங்கேயும் ஆவி ஓட்டினேன். பளபளவென்றுதான் இருந்தது. நாலைந்து மாதத்தில் கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு பலகை சேரும் இடம், பொரித்த அப்பளத்தின் ஓரம்போல மெல்ல எழும்பியது. லாமினேட்டின் மேல்தோல்தான் வழவழப்பு. உள்ளே இருப்பது மரத்தூளை அழுத்திச் செய்த அட்டை. ஆவி இணைப்பு வழியாக உள்ளே போனால் அது உப்பும், உப்பியது திரும்ப அமுங்காது. காலி செய்யும் நாளில் ஏஜெண்ட் வந்து குந்தி உட்கார்ந்து, அந்த விளிம்பில் ஒரு விரலை ஓட்டினார். ஒன்றும் பேசவில்லை, போன் எடுத்துப் படம் பிடித்தார். இங்கே வழக்கமாக இரண்டு மாத வாடகையை டெபாசிட்டாகவும், அரை மாத வாடகையைத் தண்ணீர், கரண்டுக்காகவும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். என்னுடையதில் எவ்வளவு பிடித்தார்கள் என்பதை இன்றுவரை அம்மாவிடம் சொல்லவில்லை.

அதனால் வாடகை வீட்டில் இருப்பவர்கள் முதலில் பார்க்கவேண்டியது ஒன்றுதான்: ஆவியைத் தனியாக நிறுத்திவிட்டு வெறும் வாக்குவமாக ஓட்ட முடிகிற மெஷினா? டைல்ஸில் இரண்டும், லாமினேட், பார்கே, ஒட்டுகிற வினைல் (பிளாஸ்டிக்) தரையில் உறிஞ்சுதல் மட்டும். வினைலுக்குச் சூடு பட்டால் அடியில் இருக்கும் பசை இளகும். மார்பிள் என்றால் ஓரமாக ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். கல் கறுத்தால் அது தண்ணீர் குடிக்கிற கல், ஆவி வேண்டாம். ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடுகளில் பூப்போட்ட சிமெண்டு ஓடு பதித்திருப்பார்கள், பார்க்க அவ்வளவு அழகு. அதுவும் நுண்துளை உள்ளது, வீட்டுக்காரரைக் கேட்காமல் தொடவேண்டாம்.

அடுத்து, கடையில் நடக்கும் குழப்பம். மூன்று வேறு வேறு மெஷின்களை ஒரே வரிசையில் வைத்து எல்லாவற்றையும் 'வாக்குவம் மாப்' என்றே விற்பார்கள். ஒன்று, தூசியை உறிஞ்சிக்கொண்டே அடியில் உள்ள துணிக்கு ஆவி விடுவது. பிஸ்ஸெல் கம்பெனியின் சிம்பொனி இந்த வகை. இரண்டு, ஆவியே இல்லாமல் நல்ல தண்ணீர், அழுக்குத் தண்ணீர் என இரண்டு தொட்டியோடு உருளை சுற்றித் தரையைக் கழுவி உறிஞ்சுவது. அதே கம்பெனியின் சாதாரண கிராஸ்வேவ் அப்படி. மூன்று, அந்தக் கழுவும் மெஷினிலேயே ஆவியும் சேர்த்தது. கிராஸ்வேவிலேயே ஹைட்ரோஸ்டீம் என்று ஒன்று உண்டு. பெயரைப் பார்த்து ஏமாறாமல், ஆவி வருமா, அழுக்கு எங்கே போய்ச் சேரும் என்று இரண்டு கேள்வி கேளுங்கள்.

அழுக்குத் தண்ணீர்த் தொட்டி வைத்த வகையை வாங்குபவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளவேண்டும். இந்த ஊர்ப் புழுக்கத்தில் அதை ஒரு ராத்திரி கொட்டாமல் விட்டால் மறுநாள் காலை வீட்டுக்குள் மீன் மார்க்கெட் வந்துவிடும். ஓட்டி முடித்ததும் கொட்டி, கழுவி, உருளையைத் தனியே காய வைக்க உங்களுக்குப் பொறுமை உண்டா? எனக்கு இல்லை. அதனால்தான் முதல் வகையிலேயே நிற்கிறேன்.

முதல் வகையிலும் உறிஞ்சலையும் ஆவியையும் ஒரே நேரத்தில் போட்டால் நம் வீட்டுக்குச் சரிப்படாது. தேங்காய் எண்ணெய் தேய்த்த நீள முடி ஈரத் துணியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு கோடு கோடாக இழுபடும். வாசலில் போட்ட கோலமாவைக் கேட்கவே வேண்டாம். மாவு, ஈரம், சூடு மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கொழுக்கட்டை செய்தவர்களுக்குத் தெரியும். முதல் சுற்று வெறும் வாக்குவம், இரண்டாம் சுற்று ஆவி. விபூதியும் சாம்பிராணிச் சாம்பலும் மாவைவிட நுண்ணியவை, நேரே ஃபில்டரில் போய் அடைத்துக்கொள்ளும். பூஜை அறையை நான் இன்னும் துடைப்பத்தால்தான் கூட்டுகிறேன்.

ஆவி எங்கே கைகொடுக்கும் என்றால் அடுப்படியில். தாளிக்கும்போது தெறித்து, தூசி பிடித்துப் பிசுபிசுக்கும் எண்ணெய்ப் படலம் சோப்பு இல்லாமலே இளகி வரும். தவழும் குழந்தை உள்ள வீட்டுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் கிருமி எல்லாம் செத்துவிடும் என்ற விளம்பரத்தை நம்பி சரசரவென்று ஓட்டினால் பயனில்லை. ஒவ்வொரு இடத்திலும் சில நொடி நிற்கும்படி மெதுவாக நகர்த்தினால்தான் சூடு இறங்கும்.

ஊரிலிருந்து கொண்டுவரலாமா என்று கேட்பவர்களுக்கு: மின்சாரம் இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், ஓடும். பிளக்தான் வேறு, மூன்றும் தட்டைக் கம்பி, உள்ளே ஃப்யூஸ். ஆனால் வாரண்டி செல்லாது, பாகமும் கிடைக்காது. அமெரிக்காவில் இருக்கும் மச்சான் அனுப்பும் 120 வோல்ட் மெஷினை மட்டும் தயவுசெய்து வாங்கிக்கொள்ளாதீர்கள். இவ்வளவு கரண்டு இழுக்கும் சாமானுக்கு டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் அதைத் தள்ளிக்கொண்டு போக இன்னொரு ஆள் வேண்டும். இங்கே வாங்கினாலும் சிரிம் முத்திரை, அதாவது மலேசியாவின் தரப் பாதுகாப்பு முத்திரை, இருக்கிறதா என்று பாருங்கள். ஆன்லைனில் முந்நூறு வெள்ளி (ரிங்கிட்) குறைவாகத் தெரிவது பல சமயம் அது இல்லாத சரக்கு. கரண்டு பில் பயம் வேண்டாம். 1,500 வாட் மெஷின் 20 நிமிடம் ஓடினால் அரை யூனிட்தான்.

ஆவித் தொட்டியில் குழாய்த் தண்ணீரையே ஊற்றலாமா என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். சென்னை போர் தண்ணீர்போல இங்கே உப்புப் படியாது. உங்கள் கெட்டிலின் அடியைப் பார்த்தாலே தெரியும். இருந்தாலும் பல கம்பெனிக்காரர்கள் காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றச் சொல்கிறார்கள், நானும் அதையே ஊற்றுகிறேன். டெட்டால், வினிகர், வாசனைத் திரவம் எதையும் தொட்டியில் விடவேண்டாம்.

அப்புறம் துணி. மெஷினோடு தருவது போதாது, கூடுதலாக இரண்டு வாங்கி வையுங்கள். துவைக்கும்போது சாஃப்ட்னர் போட்டால் துணி ஈரத்தை இழுக்காது. மழைக்காலத்தில் பால்கனியில் இரண்டு நாள் ஆனாலும் காயமாட்டேன் என்கிறது. பக்கத்து வீட்டு அக்கா, பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவர், பசியாறியாச்சா என்று கேட்டுக்கொண்டே வந்தவர் அந்த ஈரத் துணியைப் பார்த்துவிட்டு, ஃபேனுக்கு நேரே நாற்காலி முதுகில் போடு என்றார். இப்போது காலைக்குள் காய்ந்துவிடுகிறது.